பெயர் கடைசியில் வரட்டும்: அணி, தொடை, உள்ளுறை ஆகியவற்றைப் பிரித்தறிய முழுமையான வழிகாட்டி

ஒரு குறளைப் பார்த்ததும் "இது என்ன அணி?" என்று கேட்டுக்கொள்வதுதான் தேர்வுக்குப் படிப்பவர்களை அதிகம் தடுமாற வைக்கிறது. அணி இலக்கண நூலான தண்டியலங்காரம் 35 பொருளணிகளைச் சொல்கிறது. 35 பெயரையும் மனப்பாடம் செய்துவிட்டு, ஒவ்வொன்றாகப் பாட்டின்மேல் பொருத்திப் பார்ப்பது சாவிக்கொத்தை வைத்துக்கொண்டு இருட்டில் பூட்டைத் துழாவுவது போன்றது. முதலில் பூட்டைப் பார்க்க வேண்டும். பாட்டில் என்ன நடக்கிறது என்று சொல்லத் தெரிந்துவிட்டால், அணியின் பெயர் தானே வந்துவிடும்.

குமரி மாவட்டத்தில் இருப்பவர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. மலை, காடு, வயல், கடல் என்று பழைய இலக்கணம் சொல்லும் நானிலமும் இரண்டு மணி நேரப் பேருந்துப் பயணத்துக்குள் இருக்கிறது. தொல்காப்பியத்தின் சிறப்புப் பாயிரம் தமிழகத்தின் தெற்கு எல்லையாகச் சொல்வதும் குமரியைத்தான். அந்த நூலைக் கேட்டுத் தெளிந்தவர் அதங்கோட்டு ஆசான் என்கிறது பாயிரம். விளவங்கோடு வட்டாரத்தில் அதங்கோடு என்றே ஓர் ஊர் இன்றும் இருக்கிறது. ஆசானின் ஊர் அதுதான் என்பது இங்கத்து மக்களின் நம்பிக்கை.

தேவையானவை ஒரு குறள் நூல், ஒரு நோட்டு, ஒரு பென்சில். நாளுக்கு ஐந்து குறள் போதும். பத்து எடுத்தால் ஆறாவதிலிருந்து கை மட்டும்தான் எழுதும்.

படி 1: பாட்டை உங்கள் பேச்சில் எழுதுங்கள்

உரையைத் திறக்காமல், புரிந்த அளவில் ஒரே வாக்கியமாக எழுதுங்கள். சொற்கள் இடம் மாறிக் கிடந்தால் எழுவாய், செயப்படுபொருள், பயனிலை என்று வரிசைப்படுத்திக்கொள்ளுங்கள். புரியாத சொல்லுக்கு அடியில் கோடு போடுங்கள். அதன் பிறகு உரையைப் பாருங்கள்.

நம் ஊர்ப் பேச்சு பல இடங்களில் அகராதியை விட விரைவாகக் கைகொடுக்கும். 1098-ஆம் குறளில் 'பைய நகும்' என்று வருகிறது. "பைய போ மக்கா" என்று தினமும் கேட்பவர்களுக்கு அதற்கு உரை தேவையில்லை.

இந்தப் படியைத் தாண்டிச் செல்பவர்களுக்குத்தான் பின்னால் எல்லாம் பிழையாகும். பொருள் தெரியாமல் 'போல' என்ற சொல்லை மட்டும் பார்த்து உவமையணி என்று எழுதிவிடுவார்கள். "மழை வரும்போல இருக்கு" என்பதிலும் 'போல' உண்டு. அங்கே ஒப்பீடு இல்லை, ஊகம் மட்டும்தான்.

படி 2: நான்கு கட்டம் போடுங்கள்

நோட்டில் நான்கு கட்டம்: பேச வந்த பொருள் (உவமேயம்), துணைக்குக் கொண்டுவந்த பொருள் (உவமானம்), இரண்டுக்கும் பொதுவான தன்மை, இரண்டையும் இணைக்கும் உருபு. 151-ஆம் குறளை இதில் வைத்துப் பார்ப்போம்.

அகழ்வாரைத் தாங்கும் நிலம்போலத் தம்மை
இகழ்வார்ப் பொறுத்தல் தலை

பேச வந்தது, தம்மை இகழ்பவரைப் பொறுப்பது. கொண்டுவந்தது, தன்னைத் தோண்டுபவரைத் தாங்கும் நிலம். உருபு 'போல'. பொதுத்தன்மை, தாங்குவது. நான்கு கட்டமும் நிரம்பிவிட்டன, உவமையணி.

பெயர் கிடைத்தாயிற்று. ஆனால் கட்டத்தை இன்னும் ஒருமுறை பாருங்கள். தோண்டுபவன் எங்கே நிற்கிறான்? தான் தோண்டும் நிலத்தின் மேலேயே நிற்கிறான். மண்வெட்டி இறங்கும் நேரத்திலும் அவனுடைய காலுக்கு அடியில் அந்த நிலம்தான் இருக்கிறது. பொறுமைக்கு மலையையோ கடலையோ சொல்லியிருந்தால் இது கிடைக்காது. உவமானத்தைத் தேர்ந்ததற்கான காரணம் இங்கேதான் இருக்கிறது. விடையில் இந்த ஒரு வரியை எழுதுபவர்கள் பாட்டை உண்மையாகவே படித்திருக்கிறார்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. "தோண்டுபவனுக்கு நிலம் தண்ணீரும் தருகிறது" என்று சேர்த்து எழுதுவது வழக்கமாகிவிட்டது. அழகான எண்ணம்தான். ஆனால் குறளில் இருக்கும் வினை 'தாங்கும்' என்ற ஒன்று மட்டுமே. பாட்டில் இருப்பதையும் நீங்கள் சேர்த்ததையும் நோட்டில் தனித்தனியாக எழுதிப் பழகுங்கள்.

பொதுத்தன்மை எந்த வகை என்று கேட்டால், தொல்காப்பியம் நான்கு சொல்கிறது: வினை, பயன், மெய், உரு. கல் விழுந்த குளத்துச் சாளைக்குஞ்சு போலப் பிள்ளைகள் சிதறினார்கள் என்றால் வினை. பேச்சிப்பாறை அணைத் தண்ணீர் போல உதவினார் என்றால் பயன். மெய் என்பது வடிவம்: வள்ளம் போல நடுவில் அகன்று முனையில் ஒடுங்கிய இலை. உரு என்பது நிறம்: செந்துளுவன் வாழைப்பழத்தோல் போலச் சிவந்த மண். 151-ஆம் குறளில் இருப்பது வினை உவமம். ('சாளைக்குஞ்சு' உவமையில் ஒரு பிழை இருக்கிறது. சாளை கடல்மீன், குளத்தில் கிடையாது. குளம் என்றால் கெண்டைக்குஞ்சு என்று எழுத வேண்டும். உவமானம் உலகத்தில் உண்மையாக இருந்தால்தான் உவமை நிற்கும். நீங்களே உவமை எழுதும்போது முதலில் இதைச் சோதியுங்கள்.)

படி 3: எந்தக் கட்டம் காலி?

உவமையைச் சேர்ந்த பெரும்பாலான அணிகளைப் பிரிப்பதற்கு இந்த ஒரு கேள்வி போதும்.

உருபு மட்டும் காலி, உவமானமும் உவமேயமும் தனித்தனி வாக்கியமாக நிற்கின்றன என்றால் எடுத்துக்காட்டு உவமையணி. முதல் குறளே சான்று: எழுத்துகளுக்கு அகரம் முதல், உலகுக்கு ஆதிபகவன் முதல். நடுவில் 'அதுபோல' என்று நாம்தான் சேர்த்துப் படிக்கிறோம்.

இரண்டும் ஒன்றாகவே ஆகிவிட்டால் உருவகம். தேர்வில் அதிகம் குழப்புவது உவமைத்தொகைக்கும் உருவகத்துக்கும் உள்ள வேறுபாடு. விரித்துப் பாருங்கள். 'மலர்முகம்' என்பதை 'மலர் போன்ற முகம்' என்று விரிக்கலாம், உவமானம் முன்னால் நிற்கிறது, உவமைத்தொகை. 'முகமலர்' என்பதை 'முகமாகிய மலர்' என்றுதான் விரிக்க முடியும், உருவகம். 'போன்ற' பொருந்துகிறதா, 'ஆகிய' பொருந்துகிறதா என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால் காது சொல்லிவிடும்.

10-ஆம் குறளின் 'பிறவிப் பெருங்கடல்' உருவகம்தான். ஆனால் பிறவியைக் கடலாக்கிய வள்ளுவர், இறைவன் அடியைத் தெப்பம் என்றோ தோணி என்றோ சொல்லவில்லை. ஒன்றை உருவகப்படுத்தி, அதோடு சேர்ந்த மற்றொன்றை விட்டுவிடுவது ஏகதேச உருவகம். இந்தக் குறளுக்கு 'உருவக அணி' என்று மட்டும் எழுதினால் பாதி விடைதான்.

உவமேயக் கட்டம் காலியாக இருந்தால் பிறிதுமொழிதல். 475-ஆம் குறள் மயிலிறகு ஏற்றிய வண்டியைப் பற்றி மட்டுமே பேசுகிறது: இறகானாலும் அளவுக்கு மேல் ஏற்றினால் அச்சு முறிந்துவிடும். யாருக்குச் சொன்னது? அதிகாரத் தலைப்பைப் பாருங்கள்: வலியறிதல். எளியவர்கள்தானே என்று பலரைப் பகைத்துக்கொள்ளும் அரசனுக்குச் சொன்னது. குறளில் பிறிதுமொழிதல் என்று ஐயம் வந்தால் முதலில் பார்க்க வேண்டியது தலைப்பு. அதை மறைத்துவிட்டுக் குறளை மட்டும் அச்சிடும் வினாத்தாளில் தடுமாறுவது இதனால்தான். அதிகார வரிசையை நினைவில் வைத்திருப்பது இங்கே உதவும்.

படி 4: சொற்களின் வரிசையையும் திரும்ப வருவதையும் பாருங்கள்

ஒப்பீடே இல்லை என்றால் அடுத்து வரிசை. 45-ஆம் குறளில் 'அன்பும் அறனும்' என்று இரண்டை நிறுத்தி, 'பண்பும் பயனும்' என்று இரண்டை நிறுத்துகிறார். முதலாவது முதலாவதோடு, இரண்டாவது இரண்டாவதோடு. அம்புக்குறி போட்டுப் பாருங்கள். கோடுகள் குறுக்கே வெட்டாமல் போனால் நேர்நிரல்நிறை, வெட்டிக்கொண்டால் எதிர்நிரல்நிறை.

ஒரே சொல் திரும்பத் திரும்ப வந்தால், ஒவ்வொரு இடத்திலும் அதன் பொருளைப் பென்சிலால் மேலே எழுதுங்கள். 751-ஆம் குறளில் 'பொருள்' ஓரிடத்தில் மதிப்பு, ஓரிடத்தில் செல்வம், சொல் ஒன்று, பொருள் வேறு, சொற்பின்வருநிலையணி. 299-ஆம் குறளில் 'விளக்கு' எங்கும் விளக்குதான்; சொல்லும் பொருளும் திரும்ப வருவதால் சொற்பொருள் பின்வருநிலையணி. இந்தப் பென்சில் வேலையைச் செய்யாதவர்கள் இரண்டையும் மாற்றித்தான் எழுதுவார்கள்.

இரண்டு பொருளை ஒன்றுபோலக் காட்டிவிட்டுப் பிறகு வேறுபடுத்தினால் வேற்றுமையணி. தீயும் சுடும், நாவும் சுடும். தீப்புண் ஆறும், நாவின் வடு ஆறாது (129). புகழ்வதுபோல் பழித்தால் வஞ்சப்புகழ்ச்சி. 1073-ஆம் குறள் கயவரைத் தேவர் என்கிறது. தம் விருப்பப்படி நடப்பதில் இருவரும் ஒன்று என்று அடுத்த வரியில் காரணம் வருகிறது. பழிப்பதுபோல் புகழ்வதும் இதே அணிதான். பலர் ஒரு பக்கத்தை மட்டும் நினைவில் வைத்திருக்கிறார்கள்.

படி 5: காரணம் இயற்கையினுடையதா, கவிஞருடையதா?

கோவலனும் கண்ணகியும் மதுரையை நெருங்கும்போது மதில்மேல் கொடிகள் அசைகின்றன. காற்றில் கொடி அசைவது இயல்பு. சிலப்பதிகாரம் அதை, 'வரவேண்டாம்' என்று கை காட்டுவதுபோல் என்கிறது. நிகழ்ச்சி இயற்கையாக நடக்கிறது. காரணத்தைக் கவிஞர் தம் குறிப்பிலிருந்து ஏற்றுகிறார். இதுதான் தற்குறிப்பேற்ற அணி.

இரண்டு வரி எழுதிச் சோதியுங்கள். 'உண்மையில் நடப்பது' ஒரு வரி, 'கவிஞர் சொல்லும் காரணம்' ஒரு வரி. ஆரல்வாய்மொழிக் கணவாயில் மேற்கிலிருந்து அடிக்கும் காற்றில் முப்பந்தல் காற்றாலைகள் சுழல்கின்றன, இது உண்மை. "கிழக்கே ஓடும் மேகங்களை நில் நில் என்று கை வீசித் தடுக்கின்றன" என்றால் ஏற்றிய காரணம். "அந்த இறக்கை நிலாவையே உரசுகிறது" என்றால் அது உயர்வு நவிற்சி. அங்கே காரணம் எதுவும் ஏற்றப்படவில்லை, அளவுதான் மிகைப்பட்டிருக்கிறது. இரண்டாவது வரியை உங்களால் எழுத முடியவில்லை என்றால் அது தற்குறிப்பேற்றம் அல்ல.

சிலேடை: தொடர் முழுவதும் இரண்டாக ஓட வேண்டும்

ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள் இருந்தால் மட்டும் சிலேடை ஆகாது. நம் ஊர் மட்டியை எடுத்துக்கொள்வோம். மட்டி என்பது வாழைப்பழமும், சிப்பி வகையும். "மட்டி வாங்கினேன்" என்றால் கேட்பவருக்குக் குழப்பம், அவ்வளவே.

"உரித்தால்தான் மட்டியின் அருமை தெரியும்" என்று எழுதிப் பாருங்கள். பழத்துக்குப் பொருந்தும். சிப்பியை யாரும் உரிப்பதில்லை. 'திறந்தால்' என்று மாற்றினால் சிப்பிக்குச் சரி, பழத்துக்கு ஆகாது. "மேலிருப்பதை நீக்கினால்தான் உள்ளிருப்பது தின்னக் கிடைக்கும்" என்று எழுதினால் இரண்டுக்கும் ஓடுகிறது. இப்போதுதான் இது சிலேடை. வினைச்சொல்தான் சிலேடையைக் காப்பாற்றும் அல்லது கெடுக்கும். ஒரு பாட்டைச் சிலேடை என்று முடிவுசெய்யும் முன் அதிலுள்ள எல்லா வினைகளையும் இரண்டு பொருளோடும் சேர்த்துப் பாருங்கள்.

சொல்லைப் பிரிக்காமலே இரண்டு பொருள் தந்தால் செம்மொழிச் சிலேடை. 'பலகை' என்பதைப் 'பல கை' என்று பிரித்தால்தான் இரண்டாவது பொருள் வருகிறது என்றால் பிரிமொழிச் சிலேடை.

எதுகையும் மோனையும்

எழுத்துகள் ஒன்றி வருவது தொடை. அதில் மோனை முதலெழுத்து, எதுகை இரண்டாம் எழுத்து என்பது எல்லோருக்கும் தெரியும். தவறுவது வேறிடத்தில். எதுகையில் இரண்டாம் எழுத்து ஒன்றினால் மட்டும் போதாது, முதலெழுத்தின் அளவும் ஒத்திருக்க வேண்டும். கட்டு, பட்டு எதுகை. கட்டு, பாட்டு எதுகை அல்ல, குறிலும் நெடிலும் ஒன்றாகாது. முதல் குறளில் 'அகர', 'பகவன்' என்பது அடியெதுகை.

மோனைக்கு இன எழுத்துகளைத் தெரிந்துகொள்ளுங்கள்: அ, ஆ, ஐ, ஔ ஓர் இனம், இ, ஈ, எ, ஏ ஓர் இனம், உ, ஊ, ஒ, ஓ ஓர் இனம். மெய்களில் சகரமும் தகரமும், ஞகரமும் நகரமும், மகரமும் வகரமும் தம்முள் இனம். முதல் குறளின் முதலடியில் 'அகர' முதல் சீர், 'ஆதி' நான்காம் சீர். முதலும் நான்கும் ஒன்றுவதால் ஒரூஉ மோனை. 1, 2 என்றால் இணை; 1, 3 என்றால் பொழிப்பு. சீரை எண்ணாமல் கண்ணளவில் பெயர் வைக்காதீர்கள்.

திணையும் உள்ளுறையும்

முட்டத்துக் கடற்கரையைப் பாடினால் நெய்தல் என்று எழுதிவிடத் தோன்றும். கடல் முதற்பொருள் (நிலமும் பொழுதும்), வள்ளமும் மீனும் கருப்பொருள் (அந்த நிலத்தில் இருப்பவை). திணையை முடிவுசெய்வது உரிப்பொருள், அதாவது பாட்டின் உணர்வு: இரங்கல் இருந்தால் நெய்தல், ஊடல் இருந்தால் மருதம், காத்திருத்தல் இருந்தால் முல்லை, பிரிதல் இருந்தால் பாலை, கூடல் இருந்தால் குறிஞ்சி. காட்சியும் உணர்வும் வேறு திணைகளாக இருந்தால் திணைமயக்கம். தொல்காப்பியம் அதைத் தடுக்கவில்லை.

நாஞ்சில் நாட்டில் குளத்தங்கரை ஓரத்து மாமரத்தைப் பார்த்தவர்களுக்குக் குறுந்தொகையின் எட்டாம் பாட்டு சட்டென்று விளங்கும். தன்னைப் பற்றித் தலைவி பழி பேசினாள் என்று கேட்ட பரத்தை (தலைவன் மனைவியை விட்டு நாடிய பெண்), தலைவியின் தோழியர் காதில் விழும்படி சொல்கிறாள்:

கழனி மாஅத்து விளைந்துகு தீம்பழம்
பழன வாளை கதூஉம் ஊரன்
எம்மில் பெருமொழி கூறித் தம்மில்
கையும் காலும் தூக்கத் தூக்கும்
ஆடிப் பாவை போல
மேவன செய்யும்தன் புதல்வன் தாய்க்கே

படி 1: வயலோர மாமரத்தில் முற்றி விழும் பழத்தைக் குளத்து வாளைமீன் கவ்வும் ஊரைச் சேர்ந்தவன், எங்கள் வீட்டில் பெரிய பேச்செல்லாம் பேசினான், தன் வீட்டிலோ, கண்ணாடிப் பாவைபோல், மகனைப் பெற்றவள் விரும்பியதையெல்லாம் செய்கிறான்.

படி 2: 'போல' இருக்கிறது. உவமானம் கண்ணாடியில் தெரியும் உருவம். நாம் கையைத் தூக்கினால் அதுவும் தூக்கும். உவமேயம் தலைவன். பொதுத்தன்மை, சொந்தமாக ஓர் அசைவும் இல்லாமை. நான்கு கட்டமும் நிரம்பிய வெளிப்படை உவமை.

இப்போது முதல் இரண்டு வரி. அங்கே உருபும் இல்லை, உவமேயமும் இல்லை. ஊரின் வருணனை மட்டும்போல் தெரிகிறது. ஆனால் பழம் பறிக்கப்படவில்லை, தானே விழுகிறது. மீன் மரம் ஏறவில்லை, தண்ணீரில் இருந்தபடியே கவ்வுகிறது. தலைவன் தானே வந்தான், நான் தேடிப் போகவில்லை என்று பரத்தை வாய் திறந்து சொல்லாமல் சொல்லிவிட்டாள். கருப்பொருளின் ஒவ்வொரு பகுதியும் கதைமாந்தரோடு ஒன்றுக்கு ஒன்று பொருந்துவது உள்ளுறை உவமம். பழம் தலைவன், வாளை பரத்தை, உகுதல் அவன் வந்த விதம்.

உள்ளுறையைச் சோதிக்க வினைச்சொற்களை மாற்றிப் பாருங்கள். 'விளைந்துகு' என்பதை எடுத்துவிட்டு 'பறித்த' என்று வைத்தால் பரத்தையின் வாதமே விழுந்துவிடும். மாற்றினால் பொருள் இடியும் சொல் உள்ளுறையைத் தாங்குகிறது. மாற்றினாலும் ஒன்றும் ஆகவில்லை என்றால் அது வெறும் வருணனை. பிறிதுமொழிதலோடு இதைக் குழப்பாதீர்கள். உள்ளுறை அகப்பாட்டில் அந்த நிலத்துக் கருப்பொருளிலிருந்தே எழுவது. அதிலும் தெய்வத்தை வைத்து உள்ளுறை அமைக்கக் கூடாது என்கிறது தொல்காப்பியம்.

புதிய சொற்களில் மூன்று

படிமம் கண்ணுக்கோ காதுக்கோ நேராகத் தெரியும் காட்சி. அது வேறொன்றைச் சுட்ட வேண்டிய கட்டாயமில்லை. குறியீடு வேறொன்றுக்காக நிற்பது. 2000 ஜனவரி 1 அன்று குமரிக்கடலில் திறந்த திருவள்ளுவர் சிலையே இதற்குச் சான்று. 38 அடிப் பீடம் அறத்துப்பாலின் 38 அதிகாரங்கள். அதன்மேல் நிற்கும் 95 அடிச் சிலை பொருட்பாலின் 70-உம் இன்பத்துப்பாலின் 25-உம். படகில் இருந்து பார்க்கும்போது கண்ணில் விழுவது படிமம்; எண் தெரிந்தவருக்குக் குறியீடு.

அங்கதம் என்பது நகைத்துப் பழிப்பது. அதற்கு வெளியூர் போக வேண்டாம். தேரூர்க் கவிமணி தேசிக விநாயகம் பிள்ளையின் மருமக்கள்வழி மான்மியம், சொத்து சகோதரியின் பிள்ளைகளுக்குப் போகும் நாஞ்சில் நாட்டு மருமக்கள் தாய முறையை, அதனால் அல்லல்பட்ட ஒரு மனைவியின் வாயால் சாடுகிறது. அங்கதம் படிக்கும்போது கேட்க வேண்டியவை இரண்டு: பேசுவது யார், அடி யார்மேல் விழுகிறது? பேசும் குரலைக் கவிஞரின் குரலாகவே எடுத்துக்கொண்டால் முழுப் பாட்டும் தவறாகப் புரியும். தொல்காப்பியம் நேராகப் பழிப்பதைச் செம்பொருள் அங்கதம் என்றும், மறைத்துப் பழிப்பதைப் பழிகரப்பு அங்கதம் என்றும் பிரிக்கிறது.

இரண்டு பெயர் பொருந்தினால்

கட்டமெல்லாம் போட்ட பிறகும் ஒரு பாட்டுக்கு இரண்டு அணி பொருந்துவதுண்டு. தவறு செய்துவிட்டோமோ என்று ஒன்றை அழிக்க வேண்டாம். அணிகள் கலந்து வருவதைத் தண்டியலங்காரமே சங்கீரணம் என்று ஓர் அணியாக வைத்திருக்கிறது. இரண்டையும் எழுதி, எந்தச் சொல்லில் எது இருக்கிறது என்று காட்டுங்கள். தேர்வில் ஒன்று மட்டும் கேட்டால், எதை நீக்கினால் பாட்டின் கருத்தே போய்விடுமோ அதை எழுதுங்கள். 10-ஆம் குறளில் 'நீந்துவர் நீந்தார்' என்ற முரண் இல்லாவிட்டாலும் பிறவி கடலாகவே இருக்கும். கடலை எடுத்துவிட்டால் நீந்துவதற்கே இடமில்லை.